அம்பதுக்கு மேல நாவல் எழுத உக்காருறவங்க பண்ற தப்புங்க

நான் ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப் ஃபேக்டரியில வெல்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவன். சர்வீஸ் முடியுற நேரத்துல முதல் நாவல் வந்துச்சு, அப்புறம் இன்னொன்னு. பெரிய எழுத்தாளர்லாம் கிடையாது, ஆனா பெரம்பூர் வியாசர்பாடி சுத்துவட்டாரத்துல "இவரு புக்கு போட்டிருக்காரு"ன்னு பேரு பரவுனதுல இருந்து யாராச்சும் ஒருத்தர் ஸ்பைரல் பைண்டிங் போட்ட நாவல் கட்டை தூக்கினு நான் உக்காருற பார்க் பெஞ்சுக்கு வந்துடுறாங்க. ரிட்டயர்ட் வாத்தியார், ஹார்பர்ல இருந்தவரு, மெடிக்கல் ஷாப் வெச்சிருந்தவரு, பேரப்பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற அம்மாங்கன்னு எல்லாரும் உண்டு. எல்லாம் நல்ல ஜனங்க, வாழ்க்கைய பாத்தவங்க, ஆனா கட்டை பிரிச்சா அதே தப்புங்க வரிசையா நிக்குது. பாதி நானும் ஒரு காலத்துல பண்ணதுதான், அதனாலதான் பாத்த உடனே பக்குனு ஆவுது.

ஒற்றுப்பிழை, பத்தி பிரிக்காதது, ஆச்சரியக்குறிய மூணு மூணா போடுறது, இதெல்லாம் இங்க பேசப் போறதில்ல. அதுக்கு ப்ரூஃப் பாக்குறவங்க இருக்காங்க.

ஃபீல் வரட்டும்னு பீச்சுக்குப் போறது

"மூடு வரல சார், அதான் நிக்குது"ன்னு சொல்றாங்க. மூடு வர்றதுக்கு விடிகாத்தால காசிமேடு போயி சூரியன் வர்றதை போட்டோ எடுக்குறாங்க, ராயபுரம் ஸ்டேஷன் வாசல்ல நின்னு "1856ல கட்டுனதுப்பா, சவுத் இந்தியாவோட முதல் ஸ்டேஷன்"னு பெருமூச்சு விடுறாங்க, வீட்டுக்கு வந்து டிபன் சாப்ட்டு தூங்கிடுறாங்க. எடத்தை வெறிச்சு பாத்தா ஒண்ணும் வராதுங்க, அங்க இருந்த ஆளைப் பத்தி கேள்வி கேட்டாதான் வரும்.

ஒண்ணு சொல்றேன். 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே மூட்டை கட்டிகிட்டு வெளியூர் ஓடிச்சு, இது நம்ம தாத்தா பாட்டி எல்லாம் சொல்லி கேட்டதுதான். சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த ஜூல, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சிடுச்சுன்னா ஊருக்குள்ள வந்துடும்னு சிங்கம் புலியெல்லாம் சுட்டுட்டாங்க. "பாவம், எவ்ளோ சோகம்"னு சொல்லிட்டு விட்டா அது வெறும் தகவல். அதுங்களுக்கு தினமும் கறி போட்டுட்டு இருந்த ஆளு அன்னிக்கு எங்க இருந்தான்? லீவு போட்டானா, கூட நின்னானா, மறுநாள் வேலைக்குப் போயி என்ன பண்ணான்? ஊரெல்லாம் காலி, அவன் பொண்டாட்டி புள்ளைங்கள எங்க அனுப்பினான்? இப்ப எழுத உக்காரலாம், மூடுக்கு காத்திருக்க வேணாம். பழைய பேப்பர் வேணும்னா எழும்பூர் கன்னிமாரா லைப்ரரிக்குப் போங்க, அங்க போயி உக்காந்தா பீச்சுல கிடைக்கிறதை விட நாலு மடங்கு கிடைக்கும்.

பாத்த வேலைய கதையில இருந்து தூக்கிடுறது

இதுதான். எத்தனை பேருக்கு சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்காத தப்பு இது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முப்பது முப்பத்தஞ்சு வருஷம் ஒரு வேலைய பாத்திருப்பாங்க. அந்த வேலையில அவங்களுக்குத் தெரிஞ்சது ஊர்ல பத்து பேருக்குத் தெரியாது. ஆனா நாவல்னு உக்காந்ததும் அதை மட்டும் கழட்டி வெச்சுட்டு, தெரியாத ஊர்ல, தெரியாத வீட்டுல, பாத்தே இராத மனுசங்கள வெச்சு கதை எழுதுவாங்க. ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவரு பல்லவ ராஜா கதை எழுதுறாரு. ஏலக் கூடையில வஞ்சிரத்தை தூக்கிப் பாத்த உடனே எடை சொல்ற அம்மா, பேங்க் மேனேஜர் வீட்டு மருமக கதை எழுதுறாங்க.

எங்க பெஞ்சுக்கு வர்ற ஒரு சிஸ்டர், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்ட் ஆனவங்க. மூணு வருஷம் உக்காந்து நோட்டு நோட்டா எழுதி, பையனை வெச்சு டைப் பண்ணி கொண்டாந்தாங்க. கதை கொடைக்கானல்ல நடக்குது. பிரியான்னு ஒரு பொண்ணு, பெரிய பங்களா, பியானோ, பனி, முதல் பக்கத்துல இருந்து கடைசி பக்கம் வரைக்கும் பனி. கொடைக்கானலுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க சிஸ்டர்னு கேட்டேன், யூனியன் டூர்ல ஒரு தடவைன்னாங்க.

சரின்னு டீ சொல்லிட்டு சும்மா பேசிட்டு இருந்தப்போ, பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னாங்க. ஒரு நைட் டூட்டியில ஒருத்தர் இறந்துட்டாரு. இறந்தவங்க உடம்புல இருக்குற சாமானெல்லாம் கழட்டி, லிஸ்ட் எழுதி, சொந்தக்காரங்க கிட்ட கையெழுத்து வாங்கிட்டுதான் குடுக்கணும். லுங்கி ஒண்ணு, பர்ஸ் ஒண்ணு, அதுல இவ்ளோ காசு, இடுப்புல தாயத்து, கையில மோதிரம். வெரல் வீங்கியிருக்கு, மோதிரம் வரல. சோப்பு தண்ணி போட்டு, நூலை சுத்தி, மெதுவா திருகித் திருகி எடுத்து கவர்ல போட்டு மேல பெட் நம்பர் எழுதிட்டு நிமிந்து பாத்தா வார்டு வாசல்ல ரெண்டு பொம்பளைங்க நிக்கிறாங்க. ரெண்டு பேரும் பொண்டாட்டின்னு சொல்றாங்க. ஒருத்திய பத்தி இன்னொருத்திக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. மணி மூணு, டூட்டி டாக்டர் அடுத்த வார்டுல, கையில ரெஜிஸ்டரும் அந்த கவரும் வெச்சுட்டு இந்தம்மா நிக்கிறாங்க, யாரு கிட்ட கையெழுத்து வாங்குறது?

எனக்கு டீ எறங்கல. "சிஸ்டர், இது உங்க நாவல்ல எந்த பக்கத்துல இருக்கு?"ன்னேன்.

"அது டூட்டிண்ணே, அதைப் போயி கதைன்னு எழுத முடியுமா?"

நான் அன்னிக்கு கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன், பக்கத்து பெஞ்சுல இருந்தவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்த ரெண்டு பொம்பளைங்கள விட்டுட்டு பியானோவா, அப்படின்னு கேட்டேன். யோசிக்கிறேண்ணேன்னு கட்டை எடுத்துட்டுப் போனாங்க. நாலு மாசம் கழிச்சு திருத்தி கொண்டாந்தாங்க. ஆஸ்பத்திரி வந்திருக்கு. பிரியா இப்ப டாக்டர். நர்ஸ் கூட கிடையாது, டாக்டர். கொடைக்கானல்ல.

ஏன் இப்படின்னு நானும் யோசிச்சு பாத்தேன். சலிப்பு ஒரு காரணம், விட்டா போதும்னு வெளிய வந்த எடத்துக்கு மறுபடி போறதுக்கு யாருக்கும் மனசு வராது. இலக்கியம்னா ஏதோ உசந்த சமாச்சாரம், அதுல கிரீஸும் டெட்டால் வாசனையும் மீன் செதிலும் வரக்கூடாதுன்னு ஒரு நெனப்பும் இருக்கு. ஆனா அடியில இருக்குறது வெக்கம்னுதான் எனக்குத் தோணுது. அந்த வேலைய வெச்சு நம்மள ஒரு மாதிரி பாத்திருப்பாங்க, பொண்ணு கேக்கப் போன எடத்துல, வாடகைக்கு வீடு கேக்கப் போன எடத்துல, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க மூக்கைப் பொத்துனதுல. நாவல்லயாவது அந்த சட்டைய மாத்திக்கலாம்னு ஆசை. அந்த ஆசைய நான் தப்பு சொல்லல. ஆனா அந்த மூக்கைப் பொத்துன ஆளும் உங்க நாவலுக்குள்ள வரணும், அவன் வராம அந்த வேலைய மட்டும் எழுதுனா பாதிதான் வரும்.

இருபத்தஞ்சு வயசுல ஒருத்தன் ராஜா கதை எழுதி கிழிச்சு போட்டா பரவால்ல, அடுத்தது எழுதுவான். அறுபதுல ஒரு கட்டுக்கு மூணு வருஷம் போச்சுன்னா அது ரொம்ப பெரிய செலவு, பென்ஷன்ல ஈடு கட்ட முடியாது.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். வேலைய எழுதுங்கன்னு சொன்னதும் சிலர் டிரெய்னிங் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க, ஒரு ரயில் பெட்டி எப்படி செய்யுறாங்கன்னு இருவது பக்கம். யாருக்கு வேணும்? வேலை எப்ப உள்ள வரணும்னா அதால ஒருத்தனுக்கு ஏதாவது சிக்கல் ஆகும்போது. வெல்டிங் அடிச்சவங்களுக்குத் தெரியும், கண்ணாடி சரியா புடிக்காம ரெண்டு மூணு தடவை அந்த ஆர்க் வெளிச்சத்தைப் பாத்துட்டா பகல்ல ஒண்ணும் தெரியாது, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆரம்பிக்கும். தண்ணியா கொட்டும், லைட்டை பாக்க முடியாது, வீட்டுல உருளைக்கிழங்கை வட்டமா நறுக்கி கண்ணு மேல வெப்பாங்க, காலையில ரெண்டு கண்ணும் செக்கச்செவேல்னு வீங்கிக் கெடக்கும். இது வரைக்கும் தகவல். இப்ப அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு அவன் பொண்ணைப் பாக்க மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு வைங்க. அப்பன் செவந்த கண்ணோட வாங்க வாங்கன்னு கும்புடுறான், வந்தவங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்குறாங்க, பொண்ணோட அம்மா அவசர அவசரமா "இவரு குடிக்கிறவரு இல்லைங்க"ன்னு யாரும் கேக்காமயே சொல்றா. அவ்ளோதான், வெல்டிங்கைப் பத்தி அதுக்கு மேல ஒரு வரி வேணாம்.

சினிமால பாத்த வடசென்னை

கத்திய கீழ போடுங்க. அம்பது வருஷம் இங்க இருந்திருக்கீங்க, எத்தனை தடவை கத்திய பாத்தீங்க?

வருஷம் ஒத்துவராம எழுதுறது

வயசானவங்க பண்ற தப்பு இது, சின்னப் பசங்க கூட கூகுள் பண்ணிப் பாத்துடுறாங்க. நமக்குதான் "நான் அப்ப இருந்தேன்ல, எனக்குத் தெரியாதா"ன்னு ஒரு தெனாவட்டு. நினைப்பு எல்லாத்தையும் ஒரே குண்டான்ல போட்டு கிண்டி வெச்சிருக்கும். 1988ல நடக்குற கதையில மீன்பிடி தடைக்காலம் வருது, ஹீரோ வேலை இல்லாம வட்டிக்கு வாங்குறான். தமிழ்நாட்டுல தடைக்காலம் வந்ததே 2001லதான், அப்ப 45 நாள், இப்பதான் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். அதுவும் விசைப்படகுக்குதான், ஃபைபர் படகும் கட்டுமரமும் போயிட்டுதான் இருக்கும், "கடல்ல ஒரு படகு கூட இல்ல"ன்னு எழுதாதீங்க. 1990ல ஒருத்தன் "நான் சென்னைக்காரன்"னு ஸ்டைலா ஆங்கிலத்துல லெட்டர் ஹெட் அடிக்கிறான், பேரு மாத்துனதே 1996ல. பின்னி மில் சங்கு 2000ல ஊதுது, மில்லு மூடுனதும் அந்த 1996லதான். நாலணா செல்லாமப் போனது 2011, வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது 2019, விம்கோ நகர் வரைக்கும் போனது 2021. ஒரு பேப்பர்ல வருஷத்தை எழுதி எதிர்ல உங்க பாத்திரத்தோட வயசை எழுதி செவுத்துல ஒட்டிக்குங்க. பாதி பிரச்சனை அங்கயே தீரும்.

சொந்தக்காரங்க பேரு

மாத்துங்க. பட்டப்பேரையும் சேத்து.

"அறுபது வயசுல எழுதி ஜெயிச்சவங்க" லிஸ்ட்

எனக்கு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அதுல இருக்குற யாரும் வந்து உங்க ரெண்டாவது அத்தியாயத்தை எழுதித் தரப் போறதில்ல.

பிஎஃப் காசுல ஆயிரம் காப்பி

காசு குடுங்க புக்கு போட்டுத் தர்றோம்னு சொல்ற எடத்துல கேக்க வேண்டிய முதல் கேள்வி, அடிச்ச காப்பிய விக்கிறது யாரோட பொறுப்புன்னு. பதில் வழவழன்னு வந்தா எந்திரிச்சு வந்துடுங்க. ஒருத்தர் வீட்டுல பீரோவுக்கு மேல, கட்டிலுக்கு அடியில, பூஜை ரூம்லன்னு கட்டுக்கட்டா புக்கு, கல்யாணத்துக்கு மொய்யா வெச்சும் தீரல. இப்ப பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல வேணுங்குற அளவுக்கு மட்டும் அடிச்சுக்கலாம், அம்பது அடிச்சு பாருங்க. ஐஎஸ்பிஎன், அதான் ஒவ்வொரு புக்குக்கும் போடுற நம்பர், அதை வாங்க காசு கேட்டா தெரிஞ்சுக்குங்க, நம்ம நாட்டுல அரசாங்கம் அதை இலவசமாதான் குடுக்குது. காப்பிரைட்டும் அப்படித்தான், எழுதுன நிமிஷமே உங்களுது, பதிவு பண்ணாதான் வரும்னு இல்ல, நீங்க போனதுக்கு அப்புறமும் 60 வருஷம் உங்க வாரிசுக்கு. அதனால அக்ரிமெண்ட்ல காப்பிரைட் யாரு பேர்ல இருக்குன்னு கண்ணாடி போட்டுகிட்டு படிங்க, பையனையும் படிக்கச் சொல்லுங்க.

ஒரே நோட்டுல எழுதி வெக்கிறது

நம்ம வயசுல முக்காவாசி பேரு கையாலதான் எழுதுறோம், எனக்கும் டைப் அடிச்சா ஓடாது. போன்ல பேசி எழுத வெக்கலாம்னு பாத்தா நாம பேசுற பேச்சை அது நியூஸ் வாசிக்கிற தமிழா மாத்திப் போட்டுடுது, வசனம் மொத்தமும் கெட்டுப் போகுது. கையால எழுதுறது நல்லதுதான். ஆனா 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுக்குப் பின்னாடி வீட்டுக்காரரு கட்டிலுக்கு அடியில டிரங்கு பெட்டியில வெச்சிருந்த ஆறு நோட்டும் ஊறிப் போச்சு, இங்க் பேனாவுல எழுதுனது. ஒவ்வொரு பக்கமா பிரிச்சு மொட்டை மாடியில காய வெச்சாரு, காஞ்சது பேப்பர் மட்டும்தான். அவரு மறுபடி ஆரம்பிக்கவே இல்ல.

பால் பாயிண்ட்ல எழுதுங்க. நோட்டை பரண் மேல வைங்க. அன்னன்னிக்கு எழுதுனதை அன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து பொண்ணுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. அது படிக்காது, ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு போயிடும், போகட்டும், பக்கம் அங்க இருக்கும்.