மாந்தோப்புக் குத்தகைக் கணக்கும் வாரன் பஃபெட்டும்: பங்கு வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூப் பிடித்த மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேசும் காவேரிப்பட்டணத்து வியாபாரியின் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். பெங்களூரா ரக மாங்காய் 10 டன் தேறும். கிலோ 15 ரூபாய் என்றால் 1,50,000. மருந்து, பறிப்புக் கூலி, வண்டி வாடகை 40,000 போக மிச்சம் 1,10,000. ஆனாலும் விவரமானவர் 70,000க்கு மேல் ஏறமாட்டார். கோடைக் காற்றில் கால்வாசிக் காய் உதிர்ந்து, செலவு குறையாவிட்டால், மிஞ்சுவது 72,500. முதல் தப்பிவிடும். ஆசைப்பட்டு 1,05,000 கொடுத்தவருக்கோ 32,500 நட்டம்.

அமெரிக்க முதலீட்டு ஆசான் பெஞ்சமின் கிரஹாம், பின்னாளில் பெரும் முதலீட்டாளரான தம் மாணவர் வாரன் பஃபெட்டுக்குச் சொல்லித்தந்த ‘பாதுகாப்பு இடைவெளி’ இதுதான்: மதிப்பைவிடக் குறைத்து வாங்கி, கணக்குத் தப்பினாலும் தாங்க இடம் விடுவது. தோப்பில் இவ்வளவு கறாராக இருப்பவர்களே பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு திறந்ததும் இதை மறந்துவிடுகிறார்கள். 500லிருந்து 200க்கு இறங்கிய பங்கை மலிவு என்று வாங்குகிறார்கள். 500 என்பது முன்பு யாரோ கொடுத்த விலை. கம்பெனியின் மதிப்பு அல்ல. பங்கு விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்; முழுக் கம்பெனிக்கும் சந்தை சொல்லும் விலை கிடைக்கும். 2,000 கோடி வருகிறது, 10 ஆண்டுச் சராசரி லாபமோ 40 கோடிதான் என்றால், லாபம் வளராத பட்சத்தில் போட்டதை எடுக்க 50 ஆண்டு ஆகும். ஆண்டறிக்கையில் பணப்புழக்கப் பக்கத்தையும் பாருங்கள். லாபம் ஏறுகிறது, தொழிலிலிருந்து கைக்கு வரும் பணம் மட்டும் வருடக்கணக்காக ஏறவில்லை என்றால், பெரும்பாலும் சரக்கு கடனுக்குப் போய் வசூலாகாமல் நிற்கிறது, இல்லையேல் கிடங்கில் தேங்குகிறது.

மலிவு மட்டுமே போதாது என்பதைப் பஃபெட்டே பட்டுத்தான் தெரிந்துகொண்டார். நலிந்துவந்த பெர்க்‌ஷயர் ஹாத்வே ஜவுளி ஆலையின் பங்குகளை 1962ல் 7.50 டாலருக்கு வாங்கத் தொடங்கினார். 1964ல் அவர் பங்குகளை 11.50 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாயால் ஒப்புக்கொண்ட நிர்வாகம், கடிதத்தில் 11.375 என்று எழுதியது. கோபத்தில் விற்க மறுத்து, மேலும் வாங்கி, 1965ல் ஆலையைக் கைப்பற்றினார். 1985ல் ஜவுளித் தொழிலையே மூட வேண்டியதாயிற்று; கம்பெனி மட்டும் பஃபெட்டின் முதலீட்டு நிறுவனமாக நீடித்தது. நோய்ப்பட்ட தொழில், கோபத்தில் எடுத்த முடிவு என ஒரே இடத்தில் இரண்டு பிழைகள்.

ஓசூரில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறொரு சபலம் உண்டு: சம்பளம் தரும் கம்பெனியிலேயே சேமிப்பையும் போடுவது. தொழிலைப் பற்றி நன்கு தெரியும் என்பது நல்லதுதான். ஆனால் ஆர்டர் குறைந்தால் வேலையும் பங்கும் ஒன்றாக ஆடும்.

எல்லாவற்றிலும் மோசமானது நகைக்கடன் வாங்கிப் பங்கில் போடுவது. பெர்க்‌ஷயர் பங்கே 1973-75ல் 59 சதவீதம் விழுந்தது, 2008-09லும் பாதியானது. சொந்தப் பணம் என்றால் காத்திருக்கலாம். கடன் என்றால் விலை அடிமட்டத்தில் கிடக்கும்போதே வட்டிக்கும் தவணைக்கும் விற்க நேரும். கம்பெனி முதலாளி தம் பங்குகளை அடகு வைத்திருந்தாலும் இதே ஆபத்துதான்: விலை சரிந்தால் கடன் கொடுத்தவர் அவற்றைச் சந்தையில் கொட்டுவார், விலை இன்னும் சரியும். அடகு விவரம் காலாண்டுக்கு ஒருமுறை பங்குச்சந்தை இணையதளத்தில் வருகிறது. பாதிக்கு மேல் அடகில் இருந்தால் அந்தப் பங்கைத் தொடாதீர்கள்.