எல்லைப்புறக் குடும்பம் ஒன்றின் குடிவழியைத் தொகுப்பது எப்படி? பூன் குடும்பத்தை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகளுள் டேனியல் பூனைப் (1734–1820) பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால், குடிவழி ஆய்வில் கைபழக விரும்புகிறவர்களுக்கு அவருடைய குடும்பமே ஏற்றது. கண்டெடுத்த விடை சரிதானா என்பதை உடனுக்குடன் ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். இக்குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை நான் தொகுத்த வரிசையிலேயே படிகளைத் தருகிறேன். ஃபேமிலிசர்ச் என்ற குடிவழி ஆவணத் தளத்தில் கணக்குத் தொடங்குவதையும் தேடுவதையும் நீங்களே செய்துகொள்வீர்கள் என்பதால் அவற்றை விளக்கவில்லை.

படி 1: பிந்திய ஆவணத்திலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள்

அடிமைகளாக இல்லாத அனைவரின் பெயரையும் தனித்தனியே பதிந்த முதல் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1850-இல் நடந்தது. அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். பூனின் கடைசி மகன் நேதன் 1856 வரை வாழ்ந்தவர் என்பதால் அவரிடமிருந்து தொடங்கலாம். ஆனால், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880-இல்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே 1850-இல் ஒரே வீட்டில் காணப்படும் சிறுவர்களையெல்லாம் அவ்வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 2: ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய கவுன்டியைக் கண்டுபிடியுங்கள்

கவுன்டி என்பது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. என்னை மிக நீண்ட நாள் தடுத்து நிறுத்திய படி இதுவே. டேனியலின் தந்தை ஸ்குவயர் பூன் 1765-இல் வடகரோலினாவில் இறந்தார். அவருடைய கல்லறை மாக்ஸ்வில் நகரில், இன்றைய டேவி கவுன்டியில் உள்ளது. அந்தக் கவுன்டியோ 1836-இல்தான் உருவானது. எனவே அவர் காலத்து ஆவணங்களை ரோவன் கவுன்டியில் தேட வேண்டும். ரோவனும் 1753-இல் ஆன்சன் கவுன்டியிலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்தையவற்றுக்கு ஆன்சனை நாட வேண்டும்.

கென்டக்கியில் நிலைமை இன்னும் சிக்கலானது. டேனியல் 1775-இல் பூன்ஸ்பரோ கோட்டையை அமைத்தபோது அவ்விடம் வர்ஜீனியாவின் ஃபின்காசில் கவுன்டியைச் சேர்ந்திருந்தது. 1776-ஆம் ஆண்டின் இறுதியில் அது கென்டக்கி கவுன்டிக்குள் வந்தது. அக்கவுன்டி 1780-இல் மூன்றாகப் பிரிந்தபோது அவ்விடம் லிங்கன் கவுன்டிக்குள் சென்றது. இப்போது மேடிசனில் இருக்கிறது. கென்டக்கி தனி மாநிலமானது 1792-இல் என்பதால், அதற்கு முந்தைய நிலப் பத்திரங்களுக்கு வர்ஜீனியாவின் ஆவணங்களையும் பார்த்தாக வேண்டும்.

ஆகவே எந்த ஆவணத்தையும் திறக்கும் முன், ஆண்டு, ஊர், அன்றைய கவுன்டி, இன்றைய கவுன்டி என நான்கு நிரல்கள் கொண்ட அட்டவணை ஒன்றை ஆளுக்கொன்றாகத் தயாரித்துவிடுங்கள். எல்லைகளைச் சரிபார்க்கச் சிகாகோவின் நியூபெரி நூலகம் வெளியிட்டுள்ள வரலாற்றுக் கவுன்டி எல்லை வரைபடத் தொகுப்பைவிட நம்பகமான கருவி எதையும் நான் காணவில்லை. அது இலவசமாகவே கிடைக்கிறது.

படி 3: கணக்கெடுப்பு இல்லாத இடத்தில் வரிப்பட்டியலைப் பாருங்கள்

கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்பு ஏடுகள் அழிந்துவிட்டன. இதை ஓர் இழப்பாக நான் கருதுவதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கைவிட, ஆண்டுதோறும் எழுதிய வரிப்பட்டியலே அதிகம் சொல்லும். ஒரு பெயர் திடீரென்று மறைந்தால், அவர் இறந்திருக்கலாம் அல்லது இடம்பெயர்ந்திருக்கலாம். 1799-இல் டேனியல், அப்போது ஸ்பானிய ஆட்சியில் இருந்த மிசூரிப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சம்பந்திகளையும் சேர்த்துத் தேடுங்கள்

டேனியல் 1756-இல் ரெபேக்கா பிரையனை மணந்தார். டேனியலின் தங்கை மேரி, வில்லியம் பிரையனை மணந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இவ்விரு குடும்பங்களும் வடகரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கிலிருந்து கென்டக்கி வரை ஒன்றையொன்று தொடர்ந்தே சென்றன. பூன்களின் தடம் அறுபடும் இடத்தில் பிரையன்களின் பத்திரங்களைப் புரட்டுங்கள். சாட்சிக் கையெழுத்துகளைத் தவறவிடாதீர்கள்.

பெயர்களை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்குவயர் என்ற பெயர் தந்தைக்கும் உண்டு, டேனியலின் தம்பிக்கும் உண்டு. டேனியல் மார்கன் பூன் என்ற மகனின் நடுப்பெயர், தந்தைவழிப் பாட்டி சாரா மார்கனின் பிறந்தவீட்டுப் பெயராகவும் இருக்கலாம், ரெபேக்காவின் தாத்தா மார்கன் பிரையனின் பெயராகவும் இருக்கலாம்.

தொகுத்ததைப் பதிவதற்கு கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளையே பரிந்துரைக்கிறேன். எவர் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையப் பொதுக் குடிவழி மரங்களைத் தடயமாகப் பயன்படுத்தலாமே தவிர, அங்குள்ளதை அப்படியே படியெடுக்கக் கூடாது.

1851-இல் வரலாற்றாளர் லைமன் டிரேப்பர், நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் நேர்கண்டு எழுதிய குறிப்புகள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. படிக்கச் சுவையானவைதான்; எனினும் நேதன் பிறந்தது 1781-இல் என்பதால், அதற்கு முந்தைய நிகழ்ச்சிகள் அனைத்தும் அவர் பிறரிடம் கேட்டறிந்தவையே.

பின்சேர்க்கை: டேனியலின் பிறந்தநாள் சில இடங்களில் அக்டோபர் 22 என்றும் சில இடங்களில் நவம்பர் 2 என்றும் இருப்பது ஏன் என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நாள்தான். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல் நாள்காட்டியை மாற்றியபோது 11 நாள்கள் விடப்பட்டன. அதற்கு முந்தைய குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் ஏடுகளில் மார்ச்சே முதல் மாதம் என்பதால், பென்சில்வேனியாவின் எக்ஸெடர் சபைக் குறிப்புகளைப் படிக்கும்போது 8-ஆம் மாதத்தை ஆகஸ்ட் என்று எழுதிவிடாதீர்கள், அது அக்டோபர். ஏட்டில் உள்ள தேதியை ஒரு நிரலிலும், மாற்றிக் கணக்கிட்டதை அடுத்த நிரலிலும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.