மாற்று வழியில் முள்ளந்தண்டு ஊசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் கொழும்பில் பயிற்சி வைத்தியர்களுடனான கலந்துரையாடலொன்றில் ஒருவர் முள்ளந்தண்டு ஊசிக்குத் திட்டமிடத் திரையில் காட்டிய சீ.ரி. படத்தின் பழைய திகதியைக் கண்டதும் மனம் பதைத்தது. முன்பு நான் செய்த தவறையே அவரும் செய்யவிருந்தார். கிருமிநீக்கம், பெயர் சரிபார்த்தல் போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விடுகிறேன்.

பழைய படத்தில் ஊசியின் பாதையைத் தீர்மானித்தல்

2016 டிசெம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன் என்னும் மருந்து, முண்ணாண்சார் தசைநலிவு (முண்ணாணின் நரம்புக்கலங்கள் அழிவதால் தசைகள் நலியும் பரம்பரை நோய்) உள்ளவர்களுக்கு, முண்ணாணைச் சூழ்ந்த பாய்பொருளினுள் தவணைக்கு 12 மில்லிகிராம் வீதம் செலுத்தப்படுகிறது. ஆரம்பத் தவணைகளின் பின்னர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தொடர வேண்டும். இவர்களுள் பலருக்கு வளைந்த முதுகை நிமிர்த்தக் கம்பிகள் பொருத்தி, முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் பிணைத்திருப்பார்கள் என்பதால் நடுமுதுகில் ஊசி நுழைய இடைவெளி இராது. எனவே பக்கவாட்டில், நரம்பு வெளியேறும் துளையினூடாகச் செல்கிறோம். துளையின் மேற்பகுதியில் நரம்புவேரும் நாடியும் இருப்பதால், ஊசி கீழ்ப்பின் பகுதியையே நாட வேண்டும்.

வெளிநாட்டுப் பயிற்சிக் காலத்தில், பதினாறு வயதுப் பெண்ணொருத்திக்கு ஓராண்டுக்கு முன் மல்லாந்த நிலையில் எடுத்த சீ.ரி. படத்தில் கோணத்தை அளந்து, அவளைப் பக்கவாட்டில் கிடத்தி அதே கோணத்தில் ஊசியைச் செலுத்தினேன். இடையில் எடுத்த படத்தில் ஊசிமுனையிலிருந்து ஒரு விரலகலத்தில் பெருங்குடல் தெரிந்தது. ஊசியை வெளியே எடுத்துவிட்டு, மீண்டும் தொடங்க வேண்டுமென்று சொல்ல அவள் முகத்தருகே சென்றேன். கையை உயர்த்தவும் இயலாத அவள், சுவாசக் கருவியின் முகமூடிக்குள்ளிருந்து கண்களை மூடித் திறந்து சம்மதித்தாள். உடல் திரும்பினால் குடலும் சிறுநீரகமும் இடம் மாறும், வளரும் பிள்ளையின் இடுப்பும் சரியும். அன்றே, ஊசி போடும் அதே நிலையில், குறைந்த கதிர்ப்பளவில் படமெடுத்து, தோலிலிருந்து பாய்பொருள் வரை பாதை முழுவதையும் பார்க்க வேண்டும். "போன வருடப் படம் இருக்கிறது, சேர்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

கழுத்து வழியை எளிதென நினைத்தல்

முதலிரு கழுத்து முள்ளெலும்புகளுக்கிடையே பாய்பொருள் விரைவில் கிடைக்கும். ஆனால் முண்ணாணும் முள்ளெலும்பு நாடியும் அங்கேயே இருப்பதால், அது கடைசித் தெரிவாகவே இருக்கட்டும்.

மயக்கமருந்து நிபுணரை அன்று காலையில் அழைத்தல்

முன்னரே அழையுங்கள். சுவாசத் தசைகள் நலிந்தவருக்கு இலேசான மயக்கமும் ஆபத்தாகலாம். தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கொலின் என்னும் மருந்து வேண்டவே வேண்டாம்.

மருந்தை முந்தியே சிரிஞ்சில் எடுத்தல்

எடுத்தால் நான்கு மணித்தியாலங்களுக்குள் செலுத்த வேண்டும். முதலில் ஊசியில் பாய்பொருள் வரட்டும், பிறகு மருந்தை எடுங்கள்.

ஊசி தேவைதானா என்று கேளாதிருத்தல்

இதே நோய்க்கு 2020 முதல் வாய்வழி மருந்தான ரிஸ்டிப்லாம் உண்டு.