ஊட்டி குளிர்ல பழைய வாட்ச்: கம்மி காசுல சேக்கறது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருந்துகிட்டு பழைய வாட்ச் சேக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், நெட்ல வர்ற வாட்ச் வீடியோல பாதி நம்ம மலைக்கு ஒத்து வராது. அவங்கெல்லாம் சென்னைலயோ துபாய்லயோ ஏசி ரூம்ல உக்காந்து பேசறாங்க. நமக்கு மழை முடிஞ்சா மூடுபனி, அது முடிஞ்சா டிசம்பர் ஜனவரில உறைபனி, வருஷம் பூரா மேல ஸ்வெட்டரோ ஜெர்கினோ இல்லாம வெளிய போறதில்ல. ஈரம், ஸ்வெட்டர் கை, இந்த ரெண்டையும் மனசுல வெச்சுகிட்டு வாட்ச் வாங்குனா காசு வேஸ்ட் ஆகாது.

ஸ்வெட்டர் கைல இருந்தே ஆரம்பிக்கறேன் ஏன்னா ஸ்டைல்னு பாத்தா அதுதான் முக்கியம். இப்ப கடைல வர்ற 42, 44 எம்எம் தடி வாட்ச் டீ-ஷர்ட்டுக்கு நல்லாருக்கும், ஆனா ஸ்வெட்டர் போட்டா கை அதுமேல ஏறாது, ஏறுனாலும் முண்டு கட்டுன மாதிரி தூக்கிகிட்டு நிக்கும், டைம் பாக்க ஒவ்வொரு தடவையும் கையை மடிச்சு விடணும், போதாக்குறைக்கு கம்பளி நூல் சாவித் திருகுல மாட்டி இழுத்துட்டு வரும். பழைய வாட்ச்ல பெரும்பாலும் 34ல இருந்து 36 எம்எம்தான், சாவி குடுக்கற டைப்பா இருந்தா ரொம்ப தடிப்பும் இருக்காது, ஸ்வெட்டர் கைக்குள்ள சத்தமில்லாம போய் உக்காந்துக்கும். "சின்னதா இருக்கே, லேடீஸ் வாட்சா"ன்னு கேக்கறவங்க கேட்டுட்டே இருப்பாங்க, விட்டுடுங்க, அந்தக் காலத்து ஆம்பளைங்க எல்லாரும் கட்டுன சைஸ் அதுதான். பொண்ணுங்களும் இதே சைஸை தாராளமா கட்டலாம், அந்தக் கால லேடீஸ் வாட்ச்தான் உண்மையிலயே பொடிசு, அதுல மெஷினும் பொடிசுங்கறதால ரிப்பேர்காரர் தொடவே யோசிப்பார்.

என்ன வாங்கலாம்? ஆரம்பத்துக்கு எச்எம்டி, வேற யோசனையே வேணாம். ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட கூட்டு சேந்து 1961ல பெங்களூர்ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, 2016ல மூடிட்டாங்க, ஆனா நடுவுல இருந்த வருஷங்கள்ல நாடு பூரா கட்டுன வாட்ச் அதுதான்ங்கறதால இன்னிக்கும் பார்ட்ஸ் கிடைக்குது, எந்த ஊர் ரிப்பேர்காரருக்கும் கண்ணை மூடிகிட்டு பிரிக்கத் தெரியும். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஜவான் இதெல்லாம் தேட வேண்டிய பேரு. என் ஓட்டு ஜனதாவுக்கு, வெள்ளை டயல், அலட்டல் இல்லாத முள்ளு, வேட்டிக்கும் போகும் ஜீன்ஸுக்கும் போகும். தங்க கலர்ல மெல்லிசா வேணும்னா சோனா.

அடுத்தது சீகோ 5. ஆட்டோமேட்டிக், அதாவது கை ஆடற ஆட்டத்துலயே சாவி ஏறிக்கும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னல்ல, சாவி நாலு மணி பக்கம் ஒதுங்கி இருக்கும், அதனால ஸ்வெட்டர் நூல் சிக்கறதும் கம்மி. வளைகுடால வேலை பாத்துட்டு வந்த மாமா சித்தப்பா யாராவது ஒருத்தர் வீட்ல ஒண்ணு தூங்கிட்டு இருக்கும். அப்புறம் நம்ம ஓசூர் டைட்டன், டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேந்து 1984ல ஆரம்பிச்சது, அதோட ஆரம்ப கால குவார்ட்ஸ் (செல் போட்டு ஓடற) வாட்ச் எல்லாம் மெல்லிசா ரோமன் எழுத்தோட அவ்ளோ அழகா இருக்கும், இன்னும் யாரும் பெருசா கண்டுக்காததால விலையும் ஏறல. புதுசுதான் வேணும், ஆனா பழைய லுக் வேணும்னா கேசியோ எஃப்-91டபிள்யூ, 1989ல வந்த டிசைன் இன்னிக்கும் அப்படியே விக்கறாங்க, மழைல நனைஞ்சாலும் பயமில்ல, தோட்ட வேலைக்கு அதைக் கட்டிக்கலாம். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர் மாதிரி சுவிஸ் சரக்குக்கு அவசரப்படாதீங்க, ஏமாத்து வேலை அதிகமா நடக்கறது அங்கதான். முதல் வருஷம் ஒரு வாட்சுக்கு 3000 ரூபாய்க்கு மேல போறதில்லன்னு ஒரு கோடு போட்டுக்கங்க, சர்வீஸ் காசையும் சேத்துதான் சொல்றேன்.

எங்க தேடறதுன்னு கேட்டா முதல் இடம் சொந்தக்காரங்க பீரோ. நம்ம மலைல வெலிங்டன் மிலிட்டரி, அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, ஊட்டி பிலிம் ஃபேக்டரி, டீ எஸ்டேட் ஆபீஸுன்னு மாசச் சம்பளம் வாங்குன தலைமுறை ஒண்ணு இருக்கு, அவங்க ஷிப்டுக்கு ஓடுனதே கைல வாட்ச் கட்டிகிட்டுதான். கேக்கற விதம்தான் முக்கியம். "பெரியப்பா, சாவி குடுக்கற வாட்ச் ஒண்ணு கட்டுவீங்களே, இருக்கா?"ன்னு கேளுங்க. "அது ஓடாதுடா, எங்கயோ கிடக்கு"ன்னுதான் முதல்ல பதில் வரும். "ஓட வேணாம் பெரியப்பா, சும்மா பாக்கறேன்"னு சொல்லிட்டு டீ குடிச்சுகிட்டே உக்காந்துடுங்க, பெரியம்மாவே தேடி எடுத்துட்டு வந்துடுவாங்க. ரிட்டயர் ஆகும்போது குடுத்த வாட்சா இருந்தா பின்மூடில பேரு, தேதி எல்லாம் வெட்டியிருக்கும். விக்கறவங்க கணக்குல அதனால விலை குறையும், எனக்கு அந்த எழுத்து இருக்கற வாட்ச்தான் ஒசத்தி. ஒண்ணு மட்டும், சும்மா குடுத்தாங்கன்னு வாங்கி வித்துடாதீங்க, சர்வீஸ் பண்ணி ஓட வெச்சு அவங்க கைலயே ஒரு நாள் கட்டி விடுங்க, அடுத்த வாட்ச் எந்த வீட்ல இருக்குன்னு அவங்களே சொல்லுவாங்க.

ரெண்டாவது இடம் பஜார் ரிப்பேர் கடை. ரிப்பேருக்குக் குடுத்துட்டு ஆளே திரும்பி வராத வாட்ச் ஒவ்வொரு கடைலயும் ஒரு டப்பா கிடக்கும். போன உடனே டப்பாவைக் கேக்காதீங்க, ஒரு செல் மாத்துங்க, ஒரு பட்டை வாங்குங்க, பழக்கம் ஆனப்புறம் கேளுங்க. கீழ கோயமுத்தூர் போனா டவுன்ஹால், உக்கடம் பக்கம் ஒரு சுத்து சுத்தலாம். ஆன்லைன் கடைசி.

இப்ப வாட்ச் கைக்கு வந்துடுச்சு, என்ன பாக்கணும்? டயல். கேஸ்ல, அதாவது வெளிக்கூட்டுல கீறல், கண்ணாடில கோடு, பட்டை நாறிப்போனது எதுவும் பெரிய விஷயமில்ல, எல்லாம் மாத்திக்கலாம், டயல் போச்சுன்னா வாட்ச் போச்சு. சேக்கறவங்க 'மும்பை ஸ்பெஷல்'னு கிண்டலா சொல்றது எதைன்னா, பழைய டயல் மேல புதுசா பெயின்ட் அடிச்சு, நாலு வாட்சோட பார்ட்டை ஒண்ணா சேத்து, கல்யாணத்துக்கு வெள்ளையடிச்ச வீடு கணக்கா பளபளன்னு விக்கற சரக்கை. எச்எம்டி பைலட் ஒரிஜினல்ல பேமஸ் ஆனது கறுப்பு டயல், நெட்ல நீலம், பச்சை, ஆரஞ்சு, விமானப் படம் போட்டதுன்னு கலர் கலரா வர்றது பெரும்பாலும் இப்படி அடிச்சதுதான். பிடிச்சிருந்தா வாங்கிக் கட்டுங்க தப்பில்ல, பழசுன்னு நினைச்சு பழசோட விலை குடுக்காதீங்க.

கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல. ரிப்பேர்காரர் கண்ல மாட்டற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க, இல்ல போன் கேமராவை ஜூம் பண்ணுங்க. எழுத்தோட ஓரம் கத்தி வெச்சு வெட்டுன மாதிரி இருக்கணும், மை பரவி பொதபொதன்னு இருந்தா ரீடயல், அதாவது டயலுக்கு திரும்ப பெயின்ட் அடிச்சது. மணி குறிக்கற கட்டையும் நிமிஷக் கோடும் நேருக்கு நேர் நிக்குதா பாருங்க, பன்னெண்டுல சரியா இருந்து நாலு மணி கிட்ட கோடு விலகிப் போயிருந்தா கைல அடிச்சது. தேதி ஜன்னல் ஓரத்துல பெயின்ட் வழிஞ்சிருக்கும். சுவிஸ் வாட்ச்சா இருந்தா ஆறு மணிக்குக் கீழ ஓரத்துல பொடி எழுத்துல சுவிஸ் மேடுன்னு இருக்கான்னு பாருங்க, ரீடயல் பண்றவங்க அதை விட்டுடுவாங்க இல்ல கோணலா போடுவாங்க. சீகோல இன்னும் சுலபம், பின்மூடில 7009-னு ஆரம்பிக்கற மாதிரி நம்பர் இருக்கும், முதல் நாலு இலக்கம் மெஷின் நம்பர், அதே நம்பர் டயலோட அடி ஓரத்துலயும் எறும்பு சைஸ்ல இருக்கும், ரெண்டும் ஒத்துப்போகலன்னா எங்கயோ கை மாறியிருக்கு. சீரியல் நம்பரோட முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். 7ன்னு இருந்தா 77ஆ 87ஆன்னு மாடலை வெச்சு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

அப்புறம் சாவியைத் திருகிப் பாருங்க. சின்னச் சின்ன சத்தத்தோட ஒரே சீரா ஏறணும், கடைசில தானா கெட்டியாகி நிக்கும், அதுக்கு மேல ஒரு சுத்து கூட வேணாம். நிக்காம சுத்திகிட்டே இருந்தா மெயின் ஸ்பிரிங் காலி. ஆட்டோமேட்டிக் சீகோ பழசு பலதுல சாவி குடுக்கவே முடியாது, மெதுவா ஆட்டுனாலே ஓட ஆரம்பிக்கணும். காதுல வெச்சா எச்எம்டி வினாடிக்கு அஞ்சு தடவை டிக் போடும், போன்ல டைம்கிராபர் ஆப் இருக்கு, மைக் பக்கத்துல வெச்சா ஒரு நாளைக்கு எவ்ளோ வேகமா இல்ல மெதுவா ஓடுதுன்னு காட்டிடும். பழைய வாட்ச் ஒரு நாளைக்கு அரை நிமிஷம் முன்னப் பின்ன இருந்தா சந்தோஷமா ஏத்துக்கங்க. குவார்ட்ஸா இருந்தா பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க, பழைய செல் உள்ளயே கசிஞ்சு பச்சை பூத்திருந்தா சர்க்யூட் அரிச்சிருக்கும், தொடாதீங்க. உங்ககிட்ட இருக்கற குவார்ட்ஸையும் கட்டாம வெக்கறதா இருந்தா செல்லை எடுத்துட்டு வைங்க. ரொம்பப் பழைய, 1960க்கு முந்தின இருட்டுல ஒளிர்ற டயல் கிடைச்சா அந்த ஒளிர்ற பூச்சு ரேடியமா இருக்கலாம், நீங்களே பிரிச்சு சுரண்டற வேலை மட்டும் வேணாம், அந்தத் தூள் உள்ள போகக்கூடாது.

இனி நம்ம ஊர் வில்லன், ஈரம். ஜனவரி காலைல தொட்டபெட்டா ஏறுங்க, வாட்சோட அடிப்பக்கம் கையோட சூட்டுல இருக்கும், மேல கண்ணாடி ஜில்லுன்னு இருக்கும், உள்ள இருக்கற காத்துல ஈரம் இருந்தா கண்ணாடியோட உள்பக்கம் பனி கட்டும். பழைய வாட்ச்ல ரப்பர் வாசர் காஞ்சு நொறுங்கிப் போயிருக்கும், சிலதுல வாசரே இருக்காது. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை, வாட்சை கொஞ்ச நேரம் உள்ளங்கைல பொத்தி சூடாக்கி, கண்ணாடி நடுவுல ஒரே ஒரு துளி ஐஸ் தண்ணி விட்டு துடைச்சுப் பாருங்க. உள்பக்கம் வட்டமா பனி படிஞ்சா ஈரம் உள்ள இருக்குன்னு அர்த்தம். அப்படி ஆன வாட்சை ரூம் ஹீட்டர் முன்னாடி வெக்காதீங்க, அடுப்புகிட்டயும் வேணாம், பிளாஸ்டிக் கண்ணாடி வெடிச்சுடும். அரிசி டப்பாக்குள்ள போடற வைத்தியமும் வேணாம், தூசிதான் உள்ள போகும். அன்னிக்கே ரிப்பேர்காரர்கிட்ட குடுத்து திறந்து காய வைங்க, தள்ளிப்போட்டா முள்ளு துருப்பிடிச்சு டயல்ல புள்ளி புள்ளியா வந்துடும்.

வெக்கற இடம் பத்தி சொல்லணும்னா, சுவத்தை ஒட்டுன பீரோ ஆகவே ஆகாது, நம்ம ஊர் சுவரு மழைக்காலத்துல வேர்க்கும். இறுக்கி மூடற டிபன் டப்பா, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், அவ்ளோதான். நீல மணி இருக்கறதா வாங்குங்க, ஈரம் குடிச்சா ரோஸ் ஆகும், லேசான சூட்டுல காய வெச்சா திரும்ப நீலமாயிடும். லெதர் பட்டையைக் கழட்டித் தனியா காத்தோட்டமா தொங்க விடுங்க, ஜூலைல ஒரு வாரம் டப்பாக்குள்ள விட்டா வெள்ளையா பூசணம் பூத்துடும். என்னைக் கேட்டா மழைக்காலத்துக்கு நைலான் பட்டை, வெயில் காலத்துக்கு லெதர். பட்டை வாங்கறதுக்கு முன்னாடி பட்டை மாட்டற கேஸ் காதுக்கு நடுவுல ஸ்கேல் வெச்சு அளந்துக்கங்க, பழசுல 18 எம்எம் நிறைய வரும், 17 வந்தா தேடி அலையணும். கரும்பச்சை ஸ்வெட்டருக்கு பிரவுன் லெதர்ல ஜனதா, சாம்பல் கலருக்கு கறுப்பு டயல் பைலட், இது என் டேஸ்ட்.

பழைய பிளாஸ்டிக் கண்ணாடில கீறல்னா மாத்த ஓடாதீங்க, வெள்ளை டூத்பேஸ்ட்டை பஞ்சுல எடுத்து வட்டமா தேய்ச்சா மேலாப்புல இருக்கறது போயிடும், ஜெல் பேஸ்ட் வேணாம். நிஜக் கண்ணாடிக்கு இது வேலை செய்யாது.

சர்வீஸுக்குக் குடுக்கும்போது தெளிவா பேசிடுங்க. "அண்ணா, மெஷினைப் பிரிச்சுக் கழுவி ஆயில் போடுங்க, வாசர் புதுசா போடுங்க, டயலைத் தொடாதீங்க, கேஸுக்கு பாலிஷ் வேணாம், மாத்துற பார்ட்டைத் திருப்பிக் குடுங்க." இதுல பாலிஷ் வேணாம்னு சொல்றதை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க, நல்ல மனசோட ஓசில பண்ணிக் குடுத்துடுவாங்க, கேஸோட கூர் ஓரமெல்லாம் மழுங்கிப் போயிடும். குளிர்ல பழைய ஆயில் இறுகி காலைல மெதுவா ஓடற வாட்சும் இந்த ஒரு சர்வீஸ்ல சரியாயிடும். கிழமை தேதி இருக்கற வாட்சுல ராத்திரி ஒம்பதுல இருந்து விடிகாலை நாலு வரைக்கும் தேதியை மாத்தாதீங்க, அந்த நேரத்துல பல்லு மாட்டிகிட்டு இருக்கும், உடைஞ்சா அந்தச் சக்கரத்தைத் தேடி கோயமுத்தூர் வரைக்கும் போகணும்.