நாற்றம் போன எருக்குழி

மீனாட்சிபுரம் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் எருக்குழியில் தண்ணீர் நின்று, கறுப்புச் சாறு கிணற்றுப் பக்கம் இறங்கும். நாலு மாடு, நாளைக்கு 60 கிலோ சாணம். சரிசெய்த விதம் இது.

முதலில் சாணத்தையும் மூத்திரத்தையும் பிரித்தேன். நெடிக்குப் பாதிக் காரணம் இரண்டும் கலப்பதுதான்: மூத்திரத்து யூரியாவைச் சாணத்திலுள்ள நுண்ணுயிர் உடைத்து அமோனியாவாக்கிவிடும். கட்டுத்தரைக்கு நூறடிக்கு 2 அடி சரிவு கொடுத்து, கடைசியில் வாய்க்கால், மூடியுள்ள தொட்டி. அந்த மூத்திரம் பத்து மடங்கு தண்ணீரோடு தீவனப்புல்லுக்குப் போகிறது.

குழியை மூடிவிட்டு மேட்டில் குவியல் போட்டேன். அடியில் ஓரடிக்குத் தென்னை மட்டைத் துண்டுகள். காற்று போக அதுதான் வழி. மேலே 3 கூடை சாணத்துக்கு 1 கூடை காய்ந்த சருகும் தேங்காய் நார்க்கழிவும். நார்க்கழிவு மட்டும் போட்டால் மக்க மாதக்கணக்காகும். உயரம் 4 அடி போதும், அதற்கு மேல் அமுங்கிக் காற்றடைக்கும்.

கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை, உடனே புரட்டணும். கண்ணெரிக்கும் அமோனியா நெடி வந்தால் சருகு கூட்டணும். சுண்ணாம்பு தூவவே தூவாதீர்கள். அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும், தழைச்சத்தும் போச்சு.

பத்து நாளுக்கொருமுறை புரட்டல். மழைக்குத் தார்ப்பாய், சுற்றிலும் ஓரடி வரப்பு.