வாசல் பூனையும் வந்து சேர்ந்த பூனையும்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணையைப் பல ஆண்டுகளாகத் தன்னுடையதாக வைத்திருக்கும் பூனையின் எதிரே, யாரோ விட்டுச்சென்ற மற்றொரு பூனை வந்து நின்றபோது, இரண்டுக்கும் ஒரே தட்டில் மீன் வைத்தால் பழகிவிடும் என்று நினைத்தது என் தவறு. அன்று புதியதன் காது கிழிந்தது.

பூனை மற்றொரு பூனையை முதன்மையாக மோப்பத்தால்தான் அறிகிறது. எனவே, புதியதை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போட்டபின், மணல் தட்டுடன் ஓர் அறையில் ஏறத்தாழ 2 வாரங்கள் தனியே வைத்திருங்கள். நோய் ஏதேனும் இருந்தாலும் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்நாட்களில் ஒரு பழைய துணியால் அதன் கன்னத்தைத் தடவி, அத்துணியை வாசல் பூனையின் தட்டருகே போடுங்கள். அதுபோலவே மாற்றியும் செய்யுங்கள். எங்கள் பூனை முதல் நாள் துணியைப் பார்த்துச் சீறி, மீனையும் விட்டுப் போனது. நான்காம் நாள் அதன்மேலேயே படுத்துக்கொண்டது.

அதன்பின் கம்பிக் கதவின் இருபுறமும், முதலில் எட்டத்தில், உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீனை வைத்து, நாளுக்கு நாள் தட்டுகளை நெருக்கலாம். இதில் அவசரமே கூடாது. சண்டை மூண்டால் கையை நீட்டாமல் இடையே ஓர் அட்டையைச் செருகுங்கள். இரண்டுக்கும் கருத்தடை செய்வது அவசியம். குறிப்பாகக் கடுவன்களின் சண்டை அதனால் வெகுவாகக் குறையும்.