நடையோடு பத்து மீன்: அம்மாவின் மறதிக்கு நாங்கள் செய்துவரும் பயிற்சி

என் அம்மாவுக்கு 76 வயது. பாம்பன் தென்கடலில் நாற்பது ஆண்டுகள் பாசி எடுத்தவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் பாசி பிய்த்த கைகள் அவருடையவை. அப்பா காலமான பிறகு கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். வீட்டுக்குள்ளேயே முடங்கிய இரண்டு ஆண்டுகளில் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். பக்கத்துத் தெரு மதினியின் பெயர் வராமல் தவித்தார். வயதானால் அப்படித்தான் என்று பலரும் சொன்னார்கள். என்னால் அதை அப்படியே விட முடியவில்லை.

பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் பரிசோதிக்காமலேயே சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் காதுக்குள் பார்த்தபோது இரண்டு பக்கமும் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. காதில் விழாத பேச்சு நினைவில் எப்படி நிற்கும்? ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12, கண் பார்வை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மறதி நோய்களில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் கணித்தது. அது பட்டியலிட்ட 14 காரணங்களில் காது கேளாமை, உயர் ரத்த அழுத்தம், உடல் உழைப்பின்மை, தனிமை ஆகியவையும் உண்டு.

அடுத்தது நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அம்மா பத்து நிமிடத்தில் தொடங்கினார். வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூட்டி இப்போது அரை மணி நேரம் நடக்கிறார், வாரத்தில் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் கணக்கு. காய்ந்த மணலில் கால் புதைந்து முழங்கால் வலிக்கும் என்பதால் அலை நனைத்து இறுகிய மணலில் நடக்கிறோம். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் எங்கள் தீவின் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும்; தென்மேற்குக் காற்றான சோழகம் அடிக்கும்போது நேர்மாறு. அதைப் பார்த்துக் கரையை மாற்றிக்கொள்வோம்.

நடையால் மூளைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் முதியவர்கள் 120 பேரை வைத்து ஓர் ஆண்டு நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வரை நடந்தவர்களுக்கு நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது.

நடை பழகிய பிறகு அதோடு மூளைக்கும் ஒரு வேலை கொடுத்தோம். நான் ஒரு மீன் பெயர் சொல்வேன், அம்மா அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சேர்ப்பார். சூடை. சூடை, காரல். சூடை, காரல், நகரை. இப்படிப் பத்து வரை போக வேண்டும், நடை நிற்கக் கூடாது. முதல் நாள் சீலா, விளமீன், பாறை எல்லாம் தாண்டி ஏழாவது மீனில் அம்மாவின் கால் அப்படியே நின்றுவிட்டது. கண் கடலைப் பார்க்கிறது, உதடு அசைகிறது, கால் நகரவில்லை. பேச்சுக்கு நடை நின்றுபோகிறவர்கள் விழுந்துவிடும் ஆபத்து அதிகம். அதனால் அன்றைக்கே கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம் மூன்று மீன், பிறகு ஐந்து என்றுதான் ஏற்றினோம்.

நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, வாரத்தில் இரண்டு நாள். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது, வாரத்தில் மூன்று நாள். பிடிமானம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது நீர்க் கணக்கு. பாசிக்குப் போனவர்களுக்குக் கடல் நீர் உள்வாங்கி வற்றும் நேரம் பிறையைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு நாளும் இரண்டு நாழிகை தள்ளிப்போகும் என்பார் அம்மா. நாழிகைக்கு 24 நிமிடம், ஆக 48 நிமிடம். "ஐந்தாம் நாள் எத்தனை மணிக்கு வற்றும்?" என்று நான் கேட்பேன். மனத்தாலேயே கூட்டி, மணிக்கு மாற்றி, நாட்காட்டியில் எழுதிவைப்பார். அந்த நாள் கரைக்குப் போய்ச் சரிபார்ப்போம். உங்கள் வீட்டுப் பெரியவர் பனை ஏறியவரானால் பனைக் கணக்கும், கடை வைத்திருந்தவரானால் சிட்டைக் கணக்கும் கேளுங்கள். ஆனால் பழகியதை அப்படியே திருப்பிச் செய்தால் மூளைக்கு உழைப்பு இல்லை, ஒவ்வொரு வாரமும் ஒரு படி கடினமாக்க வேண்டும். ஒரே புதிரை மாதக்கணக்கில் போட்டால் அந்தப் புதிரில்தான் கை தேறும். அதனால் பல்லாங்குழி, புது வரிசையில் ஓலைப்பெட்டி முடைவது, பேத்தியோடு செல்போனில் முகம் பார்த்துப் பேசுவது என்று மாற்றிக்கொண்டே இருக்கிறோம். பேத்தி வரும் நாளில் மட்டும் அம்மா எந்தப் பயிற்சிக்கும் என்னை நினைவூட்ட விட்டதில்லை.

நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் உடனே உட்கார வைத்து, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று இடம் பொருள் தெரியாமல் பேசினால் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம், 108ஐ அழையுங்கள்.